மனிதன் மிதிக்கும் வண்டியும் காற்றின் எதிர்ப்பும்
(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மாணவர்கள் பந்தயத்துக்காகச் செய்கின்ற மிதிவண்டிகளைப் பற்றி இன்று பேச வேண்டுமென்று இந்த வாசகசாலைத் தோழர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் இஞ்சினீயரிங் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்திலேயே அதிக நாள் இருந்தவனல்ல. கையில் கிடைத்ததைப் படித்தும், புரியாததைத் தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டும் அறிந்துகொண்டதைத்தான் சொல்லப்போகிறேன். நான் சொன்னேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய் ஒரு சைக்கிளையும் ஒரு பென்சிலையும் வைத்துக்கொண்டு சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. சைக்கிளை வேகமாக மிதிக்கும்போது நம்மைத் தடுப்பது எது? வண்டியின் கனம் என்பார் சிலர். செயினுக்கு எண்ணெய் இல்லை என்பார் சிலர். சமதரையில் மெதுவாகப் போகிறவரைக்கும் இவைகளுக்கும் பங்கு உண்டு. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், மிதிக்கின்ற சக்தியில் பெரும் பகுதியைத் தின்பது காற்றுதான். காற்று கண்ணுக்குத் தெரியாததால் அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம். ஓடுகின்ற பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். உள்ளங்கையை முன்னே காட்டினால் கையைப் பின்னே தள்ளுகிறது. அதே கையைக் கத்திபோல் திருப்பினால் சும்மா விட்டுவிடுகிறது. கை அதே கைதான். காற்றும் அதே காற்றுதான். உருவம் மாறினவுடன் எதிர்ப்பும் மாறுகிறது. இன்று நான் சொல்லப்போகின்ற அவ்வளவும் இந்த உள்ளங்கைக்குள் அடக்கம்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்கு. அதை வெல்ல நாம் கொடுக்க வேண்டிய சக்தியோ 8 மடங்கு. வேகம் 4 மடங்கானால் சக்தி 64 மடங்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குனிந்து மிதிக்கின்ற ஒருவன் காற்றுக்கு மாத்திரம் 200 வாட் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனே அதே சைக்கிளில் 144 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டுமானால் 12,800 வாட், அதாவது 17 குதிரைச் சக்திக்குமேல் வேண்டும். நன்றாகப் பழகிய பந்தயக்காரன் ஒரு மணி நேரம் விடாமல் கொடுக்கக்கூடியது அரைக் குதிரைச் சக்தி. ஆகவே "மனிதனால் முடியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் 2016ஆம் வருஷத்தில் ஒரு மனிதன், மோட்டாரில்லாமல், தன் காலால் மிதித்தே, மணிக்கு 144.17 கிலோமீட்டர் வேகத்தில் போனான். இது எப்படி முடிந்தது?

தோழர்களே! இதற்கு முந்திய கதையைக் கொஞ்சம் கேளுங்கள். பிரான்சு தேசத்தில் ஷார்ல் மோஷே என்று ஒருவர் இருந்தார். தம் மகன் சைக்கிளிலிருந்து விழுந்துவிடாமலிருக்க, உட்கார்ந்து மிதிக்கும் நாலுசக்கர வண்டி ஒன்று செய்துகொடுத்தார். அதிலிருந்து யோசனை வளர்ந்து, சாய்ந்து படுத்தாற்போல் மிதிக்கின்ற இருசக்கர வண்டியைச் செய்தார். படுத்தால் காற்றுக்கு முன்னே நிற்கும் உடம்பின் பரப்புக் குறையுமல்லவா? 1933ஆம் வருஷம் ஜூலை மாதம் பிரான்சிஸ் போர் என்பவர் அதில் ஏறிப் பாரிசில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போனார். 1914 முதல் 19 வருஷமாக எவராலும் அசைக்க முடியாமலிருந்த 44.247 கிலோமீட்டர் சாதனை கவிழ்ந்தது. இத்தனைக்கும் இவர் முதல் தர வீரர் என்று பேரெடுத்தவருமல்ல.

பிறகு என்ன நடந்தது? சர்வதேச சைக்கிள் சங்கத்தார் கூடினார்கள். சைக்கிள் என்றால் இன்ன மாதிரிதான் இருக்க வேண்டும் என்று 1934இல் ஒரு இலக்கணம் எழுதினார்கள். அந்த இலக்கணத்துக்குள் மோஷேயின் வண்டி அடங்காததால் அது சைக்கிளே அல்ல, அந்தச் சாதனையும் சைக்கிள் சாதனையல்ல என்று ஆகிவிட்டது. பந்தயம் ஆளுக்கும் ஆளுக்கும் நடக்க வேண்டும், யந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் நடக்கக்கூடாது என்று அவர்களும் ஒரு நியாயம் சொல்லக்கூடும். அதை நான் மறுக்கவில்லை. அப்படியானால் இரண்டையும் தனித்தனிப் பட்டியலில் வைத்து இரண்டையும் வளர்த்திருக்கலாமே! வெளியே தள்ளியதன் பலன் என்ன? பேரும் பந்தயமும் இல்லாத வண்டியை யார் செய்வார்கள்? யார் வாங்குவார்கள்? அந்த வருஷமே மோஷேயும் இறந்துபோனார். இதற்குப் பிறகும் போர் சும்மாயிருக்கவில்லை. அப்படிப்பட்ட வண்டிக்கே மேல்கூடு போட்டு 1939இல் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டினார். என்றாலும் நாற்பது வருஷ காலம் பெரும்பாலோர் இந்த யோசனையை மறந்திருந்தார்கள். நன்றாக ஓடுகிறதா என்று கேட்க வேண்டிய இடத்தில், வழக்கமாக இருக்கிறதா என்று கேட்டதால் வந்த நஷ்டம் இது.

அந்தத் தூக்கத்தைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவில் லாங் பீச் நகரத்துக் கல்லூரி ஆசிரியர் செஸ்டர் கைல். 1970களின் துவக்கத்தில் அவர் தம் மாணவர்களைக்கொண்டு சைக்கிளை ஓட்டச் செய்து, மிதிப்பதை நிறுத்தி உருளவிட்டு, வேகம் எப்படி எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து காற்றின் பங்கு இவ்வளவு, டயரின் பங்கு இவ்வளவு என்று பிரித்தார். பிறகு மேல்கூடு போட்டு அளந்தார். 1975இல் கலிபோர்னியாவில் இர்வின்டேல் என்னுமிடத்தில், உருவத்துக்கு எந்த விதியும் இல்லாத பந்தயம் ஒன்று நடந்தது. மனித சக்தியால் ஓட வேண்டும் என்பதே நிபந்தனை. அடுத்த வருஷம் அதற்கென்று ஒரு சர்வதேசச் சங்கமும் ஏற்பட்டது. அமெரிக்க மெக்கானிக்கல் இஞ்சினீயர்கள் சங்கம் 1983 முதல் கல்லூரி மாணவர்களுக்கென்றே போட்டி நடத்தி வந்தது.

இனி வண்டி செய்கிற முறைக்கு வருவோம். மாணவர்கள் முதலில் தொடுவது இரும்பையல்ல; மனிதனை. ஓட்டப்போகிறவனைப் படுக்கவைத்து, முழங்கால் எவ்வளவு உயரம் வருகிறது, பாதம் எவ்வளவு அகலம் சுற்றுகிறது, தோள் எவ்வளவு என்று தையற்காரனைப்போல் அளக்கிறார்கள். அந்த அளவுகளைச் சுற்றித்தான் மேல்கூடு வரைகிறார்கள். ஒரு விரற்கடை அதிகமானால் காற்றுக்குத் தீனி; குறைந்தால் முழங்கால் இடிக்கும். முன்பக்கம் மொட்டையாக உருண்டும், பின்பக்கம் மெல்ல மெல்லக் குறுகி வாலாக முடிந்தும் இருப்பது நல்லது. மீனைப் பாருங்கள். முன்னே கூர்மையாக இருந்தால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் பின்பக்கம் திடீரென்று முடிந்தால், அங்கே காற்றுச் சுழன்று வெற்றிடம்போலாகி வண்டியைப் பின்னே இழுக்கும்.

உருவத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபின், நுரைப் பலகையில் முழு அளவுக்குச் செதுக்குகிறார்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்குள் கார்பன் நார்த் துணியைப் பசையில் நனைத்துப் படியவைத்துக் காயவைக்கிறார்கள். வழவழப்பு அழகுக்காக அல்ல. காற்று கூட்டின்மேல் அடுக்கடுக்காக வழுக்கிப் போகிறவரையில் எதிர்ப்பு மிகக் குறைவு. ஒரு திருகாணித் தலையோ, மூட்டில் ஒரு சிறு மேடோ இருந்தால் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். காற்று எங்கே பிரிகிறது என்று பார்க்கக் காசில்லாத பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. கூட்டின்மேல் சிறு சிறு நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்த்தால், காற்று ஒழுங்காகப் போகிற இடத்தில் நூல் படிந்து கிடக்கும்; கலைகிற இடத்தில் துடிக்கும்.

பல்சக்கரக் கணக்கையும் சொல்லுகிறேன். 144 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 40 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் நொடிக்கு 20 சுற்று. நிமிஷத்துக்கு 1200 சுற்று. காலோ நிமிஷத்துக்கு 100 சுற்றுத்தான் சுற்றும். ஆகவே பெடல் ஒரு தடவை சுற்றினால் சக்கரம் 12 தடவை சுற்ற வேண்டும். நம் சைக்கிளில் மூன்று தடவை சுற்றினாலே அதிகம். இதனால்தான் ஒரு செயினிலிருந்து இன்னொரு செயினுக்கு மாற்றி, இரண்டு படியாக வேகத்தை ஏற்றுகிறார்கள்.

தோழர்களே! இதில் உயிர் சம்பந்தமான ஒரு சங்கதி இருக்கிறது. உள்ளே படுத்திருப்பவன் ஒரு தாய் பெற்ற பிள்ளை. வண்டி கவிழ்ந்தால் என்ன செய்வது? "நம்ம பையன் நல்லா ஓட்டுவான், ஒன்றும் ஆகாது" என்று சொல்லுவதற்கு அந்தப் போட்டியில் மார்க்குக் கிடையாது. தலைக்குமேலும் தோளோரமும் காப்பு வளையம் இருக்க வேண்டும். மேலிருந்து 2670 நியூட்டன், அதாவது சுமார் 270 கிலோ பாரத்தையும், பக்கத்திலிருந்து அதில் பாதியையும் அது தாங்க வேண்டும். எவ்வளவு வளைந்தது என்பதையும் காட்ட வேண்டும் என்று மேற்படி இஞ்சினீயர்கள் சங்கம் விதித்திருந்தது. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 8 மீட்டர் ஆரத்துக்குள் திரும்ப வேண்டும். நம்பிக்கை வைத்தால் போதாது, பாரத்தை வைத்துப் பார் என்பதே இதன் பொருள். அன்றியும், அந்தப் போட்டியில் பெண்களுக்கும் தனி வேக ஓட்டம் வைத்திருந்தார்கள். பார்பரா புவாத்துவா என்ற பிரெஞ்சுப் பெண்மணி 2010இல் அமெரிக்காவின் பாட்டில் மவுண்டன் சாலையில் மணிக்கு 121.81 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். பெண்ணுக்குச் சைக்கிள் எதற்கு என்று கேட்கிற பெரியவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்தச் சாலை கடல் மட்டத்துக்குமேல் சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று சுமார் எட்டில் ஒரு பங்கு லேசு. சாலையும் ஒரு துளி சரிவு. இவைகளை மறைக்காமல் சொல்லுவதுதான் நாணயம். ஓட்டுபவனை உள்ளே படுக்கவைத்து, மூட்டை டேப்பால் ஒட்டி, பக்கத்தில் ஆள் பிடித்து ஓடித் தள்ளிவிட வேண்டும். முடிவில் ஆள் ஓடிப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடும். பல கிலோமீட்டர் ஓடி வேகம் ஏற்றியபின், 200 மீட்டர் தூரத்தில்தான் வேகத்தை அளக்கிறார்கள். ஹாலந்து தேசத்து டெல்ப்ட், ஆம்ஸ்டர்டாம் கல்லூரி மாணவர்கள் செய்த வண்டி 2013இல் 133.78 கிலோமீட்டர் போயிற்று. 2009இல் ஏற்பட்ட பழைய சாதனை 133.28. வித்தியாசம் மணிக்கு அரைக் கிலோமீட்டர்! அந்த அரைக் கிலோமீட்டருக்காக எத்தனை இரவு உப்புத்தாள் தேய்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் செய்த ஈட்டா என்ற வண்டியில், கண்ணாடி ஜன்னலே கூட்டின் வழவழப்பைக் கெடுக்கிறது என்று எடுத்துவிட்டு, உள்ளேயிருந்து காமிரா மூலம் சாலையைப் பார்த்து ஓட்டினார் டாட் ரைகர்ட். நான் முன்னே சொன்ன 144.17 அவருடையதுதான்.

"இதனால் ஏழைக்கு என்ன லாபம்? இந்த வண்டியில் சந்தைக்குப் போக முடியுமா?" என்று ஒரு தோழர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. பந்தய வண்டியில் சந்தைக்குப் போக முடியாதுதான். ஆனால் ஒரு மனிதனின் அற்ப சக்தியை வீணாக்காமலிருந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்கின்ற அறிவு பந்தயத்தோடு போய்விடாது. எல்லா வண்டிக்கும் அந்தக் கணக்குத்தான். அதைவிட முக்கியம், அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளுகின்ற பழக்கம். தான் வரைந்தது தவறு என்று நூல் துண்டு சொன்னால், கோபப்படாமல் திருப்பி வரைகிறார்கள். நூல் துண்டுக்கு யாருடைய சாதியும், படிப்பும், வயதும் தெரியாது.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைகள் சைக்கிளைப் பிரித்துப் போட்டால் உடனே அடிக்கப்போகாதீர்கள். ஏன் பிரித்தாய், என்ன கண்டாய் என்று கேளுங்கள். பெண் குழந்தை பிரித்தாலும் அப்படியே கேளுங்கள். மறுபடி பூட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்.