பாறைக்குள் தண்ணீருக்கு இரண்டு வழி



பாலிங் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு உலு லெகோங் வெந்நீர் ஊற்று தெரியாமல் இராது. மூட்டு வலிக்காரர்கள் அங்கே போய்க் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அடியில் எரிமலை இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை எதுவும் கிடையாது. மலையில் பெய்த மழைநீர் கருங்கல்லின் வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்வெப்பத்தில் சூடேறி, வேறொரு வெடிப்பு வழியே மேலே வருகிறது. அவ்வளவுதான் சங்கதி. முழுக் கருங்கல் தண்ணீரை உள்ளே விடாது. வெடித்த கருங்கல் தாராளமாக வழிவிடும்.

இத்தகைய வெடிப்புகளில் சில நாடுகளில் கச்சா எண்ணெயும் தங்கியிருக்கிறது. நம் நாட்டு எண்ணெயில் பெரும்பகுதி கடலடி மணற்கல்லிலிருந்து வருகிறது. ஆனால் தென் வியட்நாம் கடலில் உள்ள பாக் ஹோ என்ற வயலில், 1988ஆம் ஆண்டு, மணற்கல்லுக்கும் கீழே, வெடித்த கருங்கல்லுக்குள்ளேயே ஏராளமான எண்ணெய் கண்டார்கள். பாக் ஹோ என்றால் வெள்ளைப் புலி என்று பொருள்.

எண்ணெயை எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் குறையும். அதை ஈடுகட்டக் கடல்நீரை உள்ளே செலுத்துவார்கள். தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும் என்பது எண்ணம். வெடித்த பாறையில்தான் இதில் சிக்கல். கெடாவில் வயல் பார்க்காதவர் யார்? வெயிலில் பாளம் பாளமாக வெடித்த வயலில் நீரைத் திறந்துவிட்டால், அது முதலில் வெடிப்புகளில் ஓடி மறுகோடியை எட்டிவிடும். பாளங்கள் ஊற நேரமாகும். பாறையிலும் அப்படியே. அதிலும் ஒரு கணக்கு உண்டு: வெடிப்பின் அகலம் 2 மடங்கானால், அதே அழுத்தத்தில் ஓடும் நீர் 8 மடங்காகும். ஆகையால் ஒரேயொரு அகன்ற வெடிப்பு போதும், செலுத்திய தண்ணீர் எண்ணெய்க் கிணற்றுக்குக் குறுக்கு வழியில் வந்து சேர. பாக் ஹோவிலும் நாளடைவில் பல கிணறுகளில் எண்ணெயோடு தண்ணீரும் ஏறிவந்தது.

இதை முன்கூட்டியே கணக்கிட முடியுமா? 1960இல் பாரன்பிளாட் முதலான சோவியத் அறிஞர்களும், 1963இல் வாரன், ரூட் என்ற அமெரிக்கர் இருவரும் ஒரு வழி சொன்னார்கள். பாறையைச் சீனிக்கட்டிகளை நெருக்கி அடுக்கியது போல நினைத்துக்கொள்ளுங்கள். கட்டிகளுக்கு இடையிலுள்ள சந்துகளே வெடிப்புகள். இந்தப் பாறைக்குக் கிராணி இரண்டு பேரேடு வைத்து எழுதுவதாகக் கொள்வோம். வெடிப்புக்கு ஒன்று, கட்டிக்கு ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்கு எவ்வளவு மாறுகிறது என்பதையும் அவர் குறித்துக்கொண்டே வரவேண்டும். இன்று கணிப்பொறி இந்தக் கணக்கை இலட்சக்கணக்கான கட்டங்களுக்குப் போடுகிறது. ஒரே பேரேட்டில் எல்லாவற்றையும் கலந்து எழுதினால் தண்ணீர் மெதுவாக வரும் என்று கணக்கு சொல்லும். நடப்பில் அது முந்திக்கொள்ளும்.

கட்டி தண்ணீர் குடிக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. புது அகல் விளக்கை நம் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் ஊறவைத்த பிறகே எண்ணெய் ஊற்றுவார்கள். மண்ணின் நுண்துளைகளைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால் எண்ணெய்க்கு அங்கே இடமில்லை. நார்வே நாட்டுக் கடலில் 1969இல் கண்ட எக்கோபிஸ்க் வயல் வெடித்த சுண்ணக்கல்லால் ஆனது. அங்கே நீர் செலுத்தினால் வெடிப்பு வழியே வீணாக ஓடிவிடும் என்று அஞ்சினார்கள். சோதித்துப் பார்த்தபோது, சுண்ணக்கல் அகலைப் போலத் தண்ணீரை உறிஞ்சி, தன்னுள் இருந்த எண்ணெயை வெடிப்புக்குள் வெளியே தள்ளியது. 1987இல் பெரிய அளவில் நீர் செலுத்தத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் 100 பீப்பாய்க்கு 17, 18 பீப்பாய்தான் எடுக்க முடியும் என்று மதிப்பிட்ட வயலில், இப்போது 50க்கு மேல் எதிர்பார்க்கிறார்கள். கருங்கல்லோ ஏறக்குறைய ஒன்றும் குடிக்காது. அங்கே வெடிப்பில் உள்ளதுதான் சொத்து. அவசரப்பட்டு இறைத்தால் தண்ணீர் முந்தும், எண்ணெய் பின்தங்கும்.

எண்ணெய்க் கம்பெனியின் கவலை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் கிணற்றுக்கும் இதே கணக்குதான். மணலில் மெல்ல ஊறிவரும் நீர் வழியில் ஓரளவு வடிகட்டப்படும். வெடித்த பாறையில் ஓடிவரும் நீருக்கு அந்த வடிகட்டல் இல்லை. கக்கூசுக் குழியும் கிணறும் ஒரே வெடிப்பில் அமைந்துவிட்டால், பல அடி தூரம் தள்ளி வெட்டியிருந்தாலும் அழுக்கு விரைவில் வந்து சேரும். தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். காய்ச்சினால் கிருமி சாகும். ஆனால் செம்பனைக்கும் ரப்பருக்கும் போட்ட உரத்தின் உப்பு காய்ச்சினாலும் போகாது. ஆதலால் பாறையில் துளைத்த குழாய்க் கிணற்று நீரைக் குடிப்பவர்கள் அதை ஆய்வுக்கு அனுப்பிப் பார்ப்பது நல்லது. பலத்த மழைக்கு மறுநாள் எடுத்த நீரையும் சேர்த்து அனுப்புங்கள். வெடிப்பு வழியே ஏதாவது வருகிறதென்றால், பெரும்பாலும் அன்றைக்குத்தான் அது தெரியும்.