ஒலிவழி எழுந்த அரசியலாளர்
(வாசுதேவநல்லூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இவ்வூருக்குத் தெற்கே உள்ள கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் முன்னாளில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிச் சிங்கப்பூர் சென்றோர் பலர். அங்கே கடையநல்லூரார் எழுப்பிய தமிழ்ப்பள்ளி ஒன்றின் நிலையை உணர, அந்நாட்டை ஆக்கியோருள் ஒருவராகிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையை முதலில் அறிதல் வேண்டும்.

சின்னத்தம்பி இராசரத்தினம் 1915 பிப்பிரவரி 25-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தார். வளர்ந்தது மலாயாவின் சிரம்பானில். சட்டம் பயில இலண்டன் சென்றார், உலகப்போர் மூண்டது, வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. பட்டம் கைகூடவில்லை. எழுதிப் பிழைத்தார். அந்நாளில் பி.பி.சி.யின் கீழைநாட்டுப் பிரிவில் பணியாற்றிய எழுத்தாளர் சியார்சு ஆர்வெல் இவர் எழுத்தின் திறங்கண்டு, ஒலிபரப்புக்கு எழுதித் தர அழைத்தார். ஏட்டுக்கு எழுதுவது வேறு. காதுக்கு எழுதுவது வேறு. கேட்பவன் திரும்பப் புரட்டிப் பார்க்க இயலாது. ஒருமுறை சொன்னதே அவன் நெஞ்சில் தைக்க வேண்டும். அப்பயிற்சி பிற்காலத்தில் அவருக்குப் படைக்கலமாயிற்று.

போருக்குப் பின் சிங்கப்பூர் சென்று இதழாளரானார். 1954-இல் மக்கள் செயல் கட்சியை நிறுவியோருள் ஒருவரானார். 1957-இல் மலாயா வானொலிக்கு ஆறு பகுதிகள் கொண்ட நாடகம் ஒன்றை எழுதினார். பல்வேறு இனத்தார் ஒரு நாட்டு மக்களாவது எங்ஙனம் என்பதே அதன் கரு. மேடையில் முழங்கினால் ‘இவன் இன்ன கட்சியான்’ என்று முகந்திருப்புவோரும், நாடகமென்றால் அமர்ந்து கேட்பர். இதனை நம் தெருக்கூத்தர் என்றோ அறிவர்!

1959-இல் கம்போங் கிளாம் தொகுதியில் வென்று பண்பாட்டு அமைச்சரானார். வானொலிக்கு எழுதியவர் கையில் வானொலியே வந்தது. மலாய்ப் பாட்டும் சீனக் கூத்தும் தமிழர் ஆடலும் ஒரே மேடையில் ஏறின. 1963-இல் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1965 ஆகத்து 9-ஆம் நாள் சிங்கப்பூர் தனிநாடாயிற்று. அன்றுமுதல் 1980 வரை வெளியுறவு அமைச்சர் அவரே. 1966-இல் அந்நாட்டு உறுதிமொழியை வரைந்தவரும் அவரே. பின்னர் 1985 வரை துணைத் தலைமையமைச்சர்.

தனிநாடான அந்த 1965-ஆம் ஆண்டிலேயே மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழி என்று சட்டம் வகுத்தனர். இது அவர் ஒருவர் செயலன்று; அவர் வீற்றிருந்த அமைச்சரவையின் செயல். ஆங்கே தமிழர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இங்கோ கோடிக்கணக்கில் வாழ்கிறோம். தில்லி ஆட்சியில் தமிழுக்கு அவ்விடம் இல்லை. இங்கு ஒலிபரப்புத் துறை 2023-இல் ஆங்கிலப் பெயரைக் கைவிட்டபோதும் ‘ஆகாசவாணி’ என்பதையே முழுப்பெயராகக் கொண்டது. சிங்கப்பூர்த் தமிழ் நிலையத்தின் பெயர் என்ன தெரியுமா? ‘ஒலி’. ஈரெழுத்து; தூய தமிழ்.

இனி, குறையையும் மறைத்தல் ஆகாது. ஒருவன் சிங்கப்பூரன் ஆவது பிறப்பாலன்று, தெளிவாலும் விருப்பாலுமே என்பது இராசரத்தினத்தின் கொள்கை. பிறப்பால் வேற்றுமை கூடாதென்பது நமக்கும் உடன்பாடே. ஆயின், மொழி பிறப்போடு வந்து தானே நிலைப்பதன்று. பயின்றால் வாழும், பயிலாவிடின் மாயும். இவ்வேறுபாட்டிற்கு அக்கொள்கையில் போதிய இடமில்லை. அவரை உலகறியச் செய்த எழுத்தெல்லாம் ஆங்கிலமே. அவர் ஆக்கிய நாடும் ஆங்கிலத்தாலேயே இயங்கிற்று. வேலை ஆங்கிலத்தில், ஆகவே பெற்றோரும் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கே விடுத்தனர்.

உமறுப்புலவர் பெயரால் கடையநல்லூரார் 1946-இல் தொடங்கிய பள்ளி, தமிழையே பயிற்றுமொழியாகக் கொண்டு உயர்நிலைப்பள்ளியாக வளர்ந்தது. மாணவர் தொகை ஆண்டுதோறும் தேய்ந்தது. 1982-இல் பள்ளி மூடப்பட்டது. சட்டத்தில் தமிழ் ஆட்சிமொழியாகவே இருந்தது. துணைத் தலைமையமைச்சர் நாற்காலியில் வட்டுக்கோட்டைத் தமிழர் இருந்தார்.

அவர் 2006 பிப்பிரவரி 22-இல், 91 அகவை நிறைய மூன்று நாள் இருக்கையில் மறைந்தார். உமறுப்புலவர் பெயரால் இன்று அங்கே தமிழ்மொழி நிலையம் ஒன்று உள்ளது. ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் அங்கு வந்து தமிழை ஒரு பாடமாகப் படித்துச் செல்கின்றனர்.