காதால் கற்றவர்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், வாய்க்கால் ஆகியவை பற்றி இம்முகாமில் நிறையக் கேட்டிருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் படப் புத்தகம். இதற்கும் பஞ்சாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு என்பதை ஓர் ஆசிரியரின் வாழ்க்கை காட்டும்.

அமெரிக்காவில் கோதுமை விளையும் கான்சாஸ் மாநிலத்தில், ஹயவாதா என்னும் சிற்றூரில் 1916-ஆம் ஆண்டு பிறந்தவர் பில் மார்ட்டின். பள்ளியில் அவருக்கு எழுத்து வசப்படவில்லை. கல்லூரியில் சேரும்வரை ஒரு நூலைக்கூடத் தாமே முழுதும் படித்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். ஆயினும் கல்வி அவரைக் கைவிடவில்லை. வீட்டில் பாட்டி கதை சொன்னார். பள்ளியில் ஓர் ஆசிரியை நாள்தோறும் நூல்களை உரக்கப் படித்துக் காட்டினார். கண் கொள்ளாததைக் காது கொண்டது. மொழியின் ஓசையில் ஏற்பட்ட அந்தப் பற்றே அவரைக் கல்லூரிக்குச் செலுத்தியது.

அவர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார். 1945-இல், தம் சகோதரர் படம் வரைய, முதல் நூலை வெளியிட்டார். பின்னர் டாக்டர் பட்டமும் பெற்றார். சிகாகோவை அடுத்த வின்னெட்காவில் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தார். அப்பணியை விட்டபின் நியூயார்க் பதிப்பகம் ஒன்றில் சேர்ந்து, குழந்தைகளின் வாசிப்புக்கான நூல்களை உருவாக்குவதில் ஈடுபட்டார்.

1967-இல் வெளிவந்த பழுப்புக் கரடி நூலே அவர் பெயரை நிலைநிறுத்தியது. விளம்பரம் ஒன்றில் கண்ட சிவப்புக் கடல் நண்டின் படத்தால் கவரப்பட்டு, அதை வரைந்த எரிக் கார்ல் என்பவரைத் தேடிப் பிடித்து இந்நூலுக்கு வரையச் செய்தார். எரிக் கார்லும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

அந்நூலில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கரடியிடம் ஒரு கேள்வி. அது ஒரு சிவப்புப் பறவையைக் காண்கிறது. பறவையிடம் அதே கேள்வி. அது ஒரு மஞ்சள் வாத்தைக் காண்கிறது. இவ்வாறே தொடர்கிறது. நம் நடவுப் பாட்டில் ஒருத்தி முன்னே பாட, மற்றவர்கள் பின்னே எடுப்பது போன்ற அமைப்பு இது. இரண்டாம் பக்கத்திலேயே குழந்தை கேள்வியைக் கூடச் சொல்லத் தொடங்கிவிடும். படத்தைப் பார்த்து விடையை ஊகிக்கும். முதலில் ஓசை மனத்தில் பதிகிறது. பிறகு விரல் அச்சொல்லின் எழுத்தைத் தேடுகிறது. எழுத்தறியாக் குழந்தைக்கும் 'என்னாலும் படிக்க முடியும்' என்ற துணிவு பிறக்கிறது. அத்துணிவு இல்லாத பிள்ளையே கடைசி வரிசையில் ஒதுங்கி, ஒருநாள் பள்ளியை விட்டும் ஒதுங்குகிறது.

1989-இல் ஜான் ஆர்ஷம்போவுடன் சேர்ந்து எழுதிய நூலில் எழுத்துக்கள் தென்னைமரம் ஏறுகின்றன. பாரம் தாங்காமல் மரம் வளைய, எல்லாம் பொத்தென்று விழுகின்றன. அரிச்சுவடியை இவ்வளவு மகிழ்ச்சியாகக் கற்பித்தோர் சிலரே. முந்நூறுக்கு மேற்பட்ட நூல்களை எழுதிய பில் மார்ட்டின் 2004-இல் காலமானார்.

உறுப்பினர்களே! 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் நீங்கள் வசூலிக்கிறீர்கள். அது மக்கள் பணம். அதனால் வாங்கப்படும் நூல் பீரோவில் பூட்டிக் கிடத்தல் முறையன்று. வாரத்தில் ஒரு மாலை நூலகத்திலோ அங்கன்வாடியிலோ குழந்தைகளைக் கூட்டுங்கள். படித்த இளைஞர் ஒருவர் அரை மணி நேரம் உரக்கப் படிக்கட்டும். படத்தை எல்லாரும் காணும்படி பிடிக்கட்டும். அவசரமின்றி, கேட்டவரையே திரும்பவும் படிக்கட்டும். எழுத்தறியாப் பெற்றோரும் வந்து அமரலாம். வீடு திரும்பியதும் கேட்ட கதையைச் சொல்லலாம்.

இதற்குப் புதுக் கட்டடம் வேண்டா, பெருஞ்செலவும் வேண்டா. உரக்கப் படிக்க ஒரு குரல் வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் அக்குரலைக் கண்டுபிடிப்பது உங்கள் கடமை.