பயிற்சிக்குச் செல்லும் படை அதிகாரிக்குக் கார் வேண்டுமா?

 

இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்திய ஒரு கல்விச் சங்கத்தின் விழாவில் பேசுதற்குப் பெரும்பொருள்கள் பல உண்டு. நாம் இன்று எடுத்துக்கொண்டிருப்பதோ, கேட்ட அளவில் சிலர்க்கு நகை தோற்றுவிக்கும் சிறுபொருள். படை அதிகாரிப் பயிற்சிக்குச் செல்லும் இளைஞர்க்குச் சொந்தக் கார் வேண்டுமா, வேண்டாவா என்பதே அது. ஆயினும் இது நம் சங்கத்தின் வாசற்படி ஏறி வந்த கேள்வி. ஆதலின் இதனைத் தள்ளிவிடுதல் இயலாது.

நம் மாலை வகுப்பில் படித்த தம்பி ஒருவர், சென்னை பரங்கிமலையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் சேரத் தேர்வு பெற்றுள்ளார். அச்செய்தி கேட்டு நம் தெருவே மகிழ்ந்தது. சில நாள் சென்று அவருடைய தந்தையார் சங்கத்துக்கு வந்தார். கையில் நிலப் பத்திரம் இருந்தது. இருக்கும் இரண்டு ஏக்கர் புன்செய்யை ஈடு வைத்து முன்பணம் கட்டி, எஞ்சியதைக் கடனாகப் பெற்று மகனுக்குக் கார் வாங்கப்போவதாகக் கூறினார். கடனுக்கு நாம் ஜாமீன் கையெழுத்திட வேண்டும் என்றும் கேட்டார். நாம் தயங்கினோம். அப்போது அவர், “ஐயா, என் பிள்ளை ஆபீசராகப் போகிறான். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ரயிலை விட்டு இறங்கினால் அவனை எவன் மதிப்பான்?” என்று கேட்டார்.

அன்று நாம் மறுமொழி கூறாது இருந்துவிட்டோம். இன்று அவரும் இவ்வவையில் அமர்ந்திருக்கின்றார். அவர்க்கும், அவரைப் போன்ற பெற்றோர்க்கும், நாளை அவ்வழியில் செல்லவிருக்கும் பிள்ளைகட்கும் சேர்த்தே இன்று மறுமொழி கூறுகின்றோம்.

முதற்கண் ஒன்று. அப்பெரியவரின் ஆசையை ஆடம்பரம் என்று எவரும் எள்ளலாகாது. ஏனையோர்க்கு வண்டி என்பது போக்குவரவுக்கு உரியது. நமக்கோ அது மானத்தோடு பிணைந்தது. செருப்பணிந்தும் சைக்கிளேறியும் ஊர்த்தெருவில் செல்லக்கூடாதென நம் பாட்டன்மாரைத் தடுத்த ஊர்கள் எத்தனை! அக்காலம் ஒழிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில், நம்மவரான கல்லூரி மாணவர் ஒருவர் புல்லட் வண்டி ஓட்டியதைப் பொறாது அவர் கைகளை வெட்டினர் என்ற செய்தியை நாடே படித்தது. இத்தகைய நாட்டில், மகனைக் காரில் ஏற்றி அனுப்ப விழையும் தந்தையின் நெஞ்சை நாம் அறிவோம்.

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வில் கண்ட இரண்டு வண்டிகளை இங்கு நினைவூட்டுகின்றோம். இரண்டையும் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் நூலில் அவரே எழுதியுள்ளார். முதலாவது 1901இல் நிகழ்ந்தது. தந்தையாரைக் காண மசூர் ரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவர் பீமராவையும் உடன்வந்த பிள்ளைகளையும் மகார் என்றறிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. இருமடங்கு கூலி தருவதாகவும், வண்டியைத் தாமே ஓட்டிக்கொள்வதாகவும் சொன்ன பின்னரே வண்டி கிடைத்தது. வண்டிக்காரர் உடன் நடந்து வந்தார்.

இரண்டாவது 1929இல் சாலீஸ்கானில் நிகழ்ந்தது. அங்குள்ள நம் மக்கள் அம்பேத்கரைத் தங்கள் குடியிருப்புக்கு அழைத்துச் செல்ல விரும்பினர். குதிரை வண்டிக்காரர் ஒருவரும் அவருக்கு வண்டியோட்ட உடன்படவில்லை. விருந்தினரை நடத்தி அழைத்துச் செல்வது அவருக்கு மதிப்பன்று எனக் கருதிய அம்மக்கள், வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்றுத் தம்முள் ஒருவரையே ஓட்டச் செய்தனர். அவர்க்கு வண்டியோட்டிப் பழக்கமில்லை. பாலத்தில் வண்டி நிலைகுலைந்தது. அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது.

நண்பர்களே! அம்மக்களின் அன்பில் குறையில்லை. மான உணர்ச்சியில் குறையில்லை. வண்டியும் கிடைத்துவிட்டது. ஓட்டத் தெரிந்த கை ஒன்றே இல்லை. வண்டி முதலில் வந்து திறன் பின்னர் வருமாயின் மானத்துக்காக ஏறிய வண்டியே நம்மைக் கீழே தள்ளிவிடும் என்பதை இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிக்கின்றது. இதனை மனத்திற்கொண்டு நம் கேள்விக்கு வருவோம்.

பரங்கிமலைப் பயிற்சிக் கழகம் 1963இல் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, 1988இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1992 முதல் பெண்களும் அங்குப் பயிற்சி பெறுகின்றனர். குறுகிய காலப் பணிக்குத் தேர்வு பெற்றவர்க்குப் பயிற்சி 49 வாரங்கள். உறைவிடம் வளாகத்துள், உணவு அங்குள்ள மெஸ்ஸில், உடை சீருடை. விடியுமுன் எழுந்தால் உடற்பயிற்சி, அணிவகுப்பு, ஆயுதப் பயிற்சி, வகுப்புகள் என்று இரவு வரை ஓய்வில்லை. வெளியே செல்ல அனுமதி கிடைக்கும் நாள்கள் சிலவே. பயிற்சியில் இருப்பவர் சொந்த மோட்டார் வாகனம் வைத்து ஓட்டும் வழக்கம் அங்கு இல்லை. நம் நாட்டுப் படைப் பயிற்சிக் கழகங்களில் கேடட்டுகள் அணி அணியாகச் செல்வது சைக்கிளில்தான். அமைச்சர் மகனாயினும், கூலியாள் மகனாயினும் ஒரே சீருடை, ஒரே முடிவெட்டு, ஒரே சைக்கிள்.

ஆகவே ‘ரயிலில் இறங்கினால் மதிப்பார்களா?’ என்னும் கேள்விக்கு அவ்விடமே விடை தருகின்றது. புறநகர் மின்ரயிலும் மெட்ரோ ரயிலும் பரங்கிமலையில் நிற்கின்றன. கதவைக் கடந்து உள்ளே சென்றபின், எதில் வந்தாய் என்று கேட்பாரில்லை. எவ்வளவு ஓடுவாய், எவ்வளவு தாங்குவாய், உடன் இருப்பவனைக் கைவிடாதிருப்பாயா என்றே பார்ப்பர்.

பயிற்சி முடிந்து லெப்டினன்ட் ஆனபின் வேண்டுமன்றோ எனில், அதையும் ஆராய்வோம். பணியில் சேர்ந்த இளம் அதிகாரி, தம் பிரிவுக்குரிய பள்ளிக்கு மீண்டும் பயிற்சிக்கு அனுப்பப்படுவார். பீரங்கிப் படையினர்க்கு நாசிக் அருகேயுள்ள தேவ்லாலி. பொறியாளர் படையினர்க்குப் புனே. காலாட்படையினர்க்கு மத்தியப் பிரதேசத்து மாவ். அந்த மாவ் நகரந்தான் 1891இல் அம்பேத்கர் பிறந்த ஊர். 2003இல் அவர் பெயரையே பெற்ற ஊர். அவர் தந்தையார் சுபேதார் ராம்ஜி படைப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஒரு சுபேதாரின் வீட்டில் நுழைந்த எழுத்தறிவு இந்நாட்டுக்கு அரசமைப்பை வரைந்த கையாக வளர்ந்தது என்றால், படைப்பணி நமக்கு எதனைத் தந்தது என்பது விளங்கும்.

அப்பயிற்சியும் முடிந்தபின், இளம் அதிகாரியின் பட்டாளம் லடாக்கின் பனிமலையில் இருக்கலாம். அருணாசலத்தின் எல்லையில் இருக்கலாம். ஆங்கெல்லாம் கடமைக்கு அரசு வண்டி உண்டு. சொந்தக் கார் ஊரில் தூசி படிந்து நிற்கும். பேட்டரி தீரும், டயர் கெடும், காப்பீட்டுத் தொகை மட்டும் ஆண்டுதோறும் தவறாது கட்டவேண்டும். குடும்பத்தோடு வாழக்கூடிய ஊரில் பணி அமைந்து, தேவை மெய்யாகவே எழும்போது, படையினர்க்கான கான்டீன் வழியாக வரிச் சலுகையுடன் கார் வாங்க வழியுண்டு. நாளை குறைந்த விலையில் கிடைப்பதை இன்று நிலத்தை ஈடு வைத்து வாங்குவானேன்?

இனிக் கணக்கைப் பார்ப்போம். பயிற்சிக் காலத்தில் மாதம் ரூ.56,100 உதவித்தொகை உண்டு. அதில் உணவு முதலிய செலவுகள் பிடிக்கப்பெறும். ஏழு லட்ச ரூபாயை நூற்றுக்கு ஒன்பதரை வட்டியில் ஐந்தாண்டுக் கடனாகப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.14,700 ஆகும். உதவித்தொகையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நிற்கும் வண்டிக்கே போய்விடும். ஐந்தாண்டில் வட்டி மட்டும் ரூ.1,80,000க்கு மேல். பெட்ரோலும் காப்பீடும் தனி. நிலத்தின்மீது வாங்கிய கடனுக்கு வட்டி வேறு. கார் ஆண்டுக்கு ஆண்டு விலை குறையும். ஈடு வைத்த நிலமோ ஒருமுறை கைமாறினால் நம்மவர் கைக்கு மீளுவது அரிது. 1892இல் ஒதுக்கப்பெற்ற பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் இவ்வாறு கைமாறிற்று என்பதை நம் குடும்பங்களிலேயே கேட்டறியலாம்.

கசப்பான இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி முடியும்வரை நம் பிள்ளை கேடட் மட்டுமே, அதிகாரி அல்லர். காயத்தாலோ நோயாலோ இடையில் வெளியேற நேர்ந்த கேடட்டுகள் உண்டு. அவர்களுடைய துன்பநிலையை 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அத்தகைய துன்பம் எப்பிள்ளைக்கும் வரலாகாது. வந்துவிட்டால் உதவித்தொகை நிற்கும்; தவணை நிற்காது. உடல் நொந்து திரும்பும் மகனைத் தாங்க ஈடற்ற நிலமும் கடனற்ற வீடும் இருத்தல் வேண்டும் அன்றோ? மேலும், குறுகிய காலப் பணி பத்தாண்டுக்குரியது, நான்காண்டு நீட்டிக்கப் பெறலாம், ஓய்வூதியம் கிடையாது. தொடக்க ஆண்டுகளின் சேமிப்பே பின்னாளின் முதல்.

எனவே நம் முடிவு இது: பயிற்சிக் காலத்தில் கார் வேண்டா. ஆனால் கார் ஓட்டும் திறன் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வோர் இளைஞரும், பெண்பிள்ளைகள் உட்பட, முறையாகக் கற்று ஓட்டுநர் உரிமம் பெறுதல் வேண்டும். சாலீஸ்கானில் இல்லாத கையை நாம் நம் பிள்ளைகட்கு உண்டாக்குவோம்.

நீச்சலும் வேண்டும். படைப்பயிற்சியில் நீச்சல் உண்டு. ஊர்க் கிணற்றிலும் குளத்திலும் இறங்கவிடாத ஊர்களில் பிறந்த நம் பிள்ளைகளில் பலர்க்கு நீந்தத் தெரியாது. அது அவர் குற்றமன்று. எனினும் அக்குறையை நீக்கிக்கொள்வது நம் கடமை. நாள்தோறும் ஓட்டப் பயிற்சி வேண்டும். அச்சமின்றி நாலுபேர் நடுவே எழுந்து ஆங்கிலத்தில் பேசும் பழக்கம் வேண்டும்.

இளைஞர்களே, ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். படை அதிகாரித் தேர்வில் இட ஒதுக்கீடு இல்லை. ஆனால் மத்தியத் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வில் பட்டியல் இனத்தார்க்கும் பெண்களுக்கும் கட்டணம் இல்லை. பரங்கிமலைக்கு மட்டும் விண்ணப்பிப்போர் ஆங்கிலமும் பொது அறிவும் எழுதினால் போதும். கணிதத் தாள் இல்லை. எழுத்துத் தேர்வில் வென்றால் பெங்களூர் முதலிய ஊர்களில் ஐந்து நாள் நேர்முகத் தேர்வு. இவ்வழியை அறியாமலே வயது கடந்துவிட்ட பட்டதாரிகள் நம் தெருவில் எத்தனை பேர்! ஒரு காருக்குச் செலுத்தும் ஓராண்டுத் தவணை ஒன்றே முக்கால் லட்சத்தைத் தாண்டும். அத்தொகை இருந்தால் நம் படிப்பகத்துக்கு நாளிதழும் நூலும் வாங்கி, பயிற்சி வகுப்பும் நடத்தி, பத்துப் பிள்ளைகளை அத்தேர்வுக்கு ஆயத்தம் செய்யலாம்.

இறுதியாக, அப்பெரியவர்க்கு நாம் கூறும் மறுமொழி. ஐயா, கார்க் கடனுக்கு நாங்கள் கையெழுத்திட மாட்டோம். பத்திரத்தை வீட்டுப் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திடுங்கள். தம்பி புறப்படும் நாளில் சங்கத்தார் அனைவரும் ரயிலடிக்கு வருகின்றோம்; அவர் பெட்டியை நாங்களே சுமந்து, பரங்கிமலை வாயில்வரை உடன் வருகின்றோம். நாற்பத்தொன்பது வாரங்கள் கழித்து, பயிற்சி நிறைவு நாளில், பெற்றோரே பிள்ளையின் தோளில் விண்மீன்களைப் பொருத்தும் வழக்கம் உண்டு. அன்று உழுது காய்த்த உங்கள் கையும், நாற்று நட்ட அம்மையார் கையும் அத்தோளில் இரண்டு விண்மீன்களைப் பொருத்தும். எந்தக் காரில் வந்தீர்கள் என்று அன்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

கார் பிறகு வரும். தம்பி தம் ஊதியத்தில் தாமே வாங்கி, உங்களை முன்னிருக்கையில் அமர்த்தித் தாமே ஓட்டி வருவார். அந்த நாளில் அவ்வண்டி நம் தெருவுக்கு மட்டுமன்றி ஊர்த்தெருவுக்கும் தலைநிமிர்ந்து வரட்டும்.

 வாழ்க கல்வி! ஜெய் பீம்!