எது வேகம்?

என் அலுவல் மொழிபெயர்ப்பு. மத்திய அரசின் சுற்றறிக்கைகளில் ‘விரைவாக’ என்னும் சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அது எத்தனை நாளைக் குறிக்கும் என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டவன் என் தமக்கை மகன். புதுக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் படிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருப்பவன். ஒரு நாள் பத்துக் கிலோமீட்டரை 34 நிமிடத்தில் ஓடிவிட்டு வந்து, “மாமா, இது வேகந்தானே?” என்றான். படிப்பை நிறுத்திவிட்டு ஓட்டத்திலேயே இறங்கிவிடலாமா என்பதுதான் அந்தக் கேள்வியின் உட்பொருள். அது எனக்கும் தெரியும். ஊரிலிருக்கும் தமக்கைக்கும் தெரியும்.

நேயர்களே, பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் வீடுகளிலும் இத்தகைய பிள்ளைகள் இருக்கக்கூடும். ஆகவே அவனுக்காக நான் தேடிய அளவுகோல்களை உங்களிடமும் சொல்கிறேன்.

பெங்களூரில் உலகப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம் 2008இல் தொடங்கியது. அந்த முதல் ஓட்டத்தில் எரித்ரியா நாட்டு செர்செனாய் டடேசே 27 நிமிடம் 51 விநாடியில் வென்றார். 2014இல் கென்யாவின் ஜெஃப்ரி காம்வோரோர் அதை 27:44 ஆக்கினார். 2022இல் மற்றொரு கென்யரான நிக்கலஸ் கிமேலி 27:38இல் ஓடினார். பதினான்கு ஆண்டுகளில் குறைந்தவை பதின்மூன்றே விநாடிகள்! இத்தனைக்கும் இடையில் கார்பன் தகடு பதித்த புதுவகைக் காலணிகள் வந்துவிட்டன. நம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் பிராணவாயு சற்றுக் குறைவு. சாலைகளிலோ மேடு பள்ளங்கள். ஸ்பெயினின் கடற்கரை நகரமான வாலன்சியாவில், 2020இல், உகாண்டாவின் ஜோஷுவா செப்டகை இதே தொலைவை 26:11இல் ஓடி உலக சாதனை படைத்தார். அது சமதளமான ஓடுபாதை. ஓட வேண்டிய வேகத்தைக் காட்டும் விளக்குகள் பாதையோரத்தில் உடன் நகர்ந்தன. ஆகவே ஓரிடத்துக் கடிகாரத்தை மற்றோரிடத்துக்கு அப்படியே தூக்கிச் செல்ல இயலாது.

27:38 என்று கேட்டால் மனத்தில் ஒன்றும் பதிவதில்லை. நூறு நூறு மீட்டராகப் பிரித்துப் பாருங்கள். நூறு மீட்டருக்கு 16.6 விநாடி. ஒரு ஞாயிறன்று மைதானத்தில் நூறு மீட்டரை அளந்து, மருமகன் கடிகாரத்தைப் பிடிக்க, நான் உயிரைக் கொடுத்து ஓடினேன். 19 விநாடி ஆயிற்று. பிறகு புல்லில் படுத்துவிட்டேன். இருபது ஆண்டுகள் மேசை முன் அமர்ந்தவனுக்கு அதுவே அதிகம். கிமேலியோ என்னைவிட விரைவாக, நிற்காமல், நூறு முறை ஓடியவர்! மருமகன் சிரித்தான். பின்னர்த் தன் கணக்கையும் போட்டுப் பார்த்தான். நூறு மீட்டருக்கு 20.4 விநாடி. கிமேலி முடிவுக் கோட்டைத் தொடும்போது இவனுக்கு இன்னும் ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் மீதி இருக்கும். சிரிப்பு நின்றுவிட்டது.

எனினும் கடிகாரம் ஒன்றே அளவுகோல் அன்று. நம் நாட்டவரின் 10,000 மீட்டர் சாதனை, 2008இல் சுரேந்திர சிங் ஓடிய 28:02, பதினாறு ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2024இல் குல்வீர் சிங் அதை உடைத்தார். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் 27:00 என்ற அளவுக்கே கொண்டுவந்துவிட்டார். இரண்டே மாதங்கள் கழித்துத் தென் கொரியாவின் குமி நகரில் ஆசியத் தங்கம் வென்றார். அங்கே அவருக்கான நேரம் 28:38! அவர் தளர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் நடந்தது நேரத்தைக் குறைப்பதற்கென்றே அமைந்த ஓட்டம்; முன்னோடிகள் வேகத்தை இழுத்துச் சென்றனர். குமியில் பதக்கத்திற்கான ஓட்டம். அங்கே முன்னே சென்று காற்றை எதிர்கொள்ள எவருக்கும் விருப்பமில்லை. ஒருவரை ஒருவர் கண்காணித்து ஓடிக் கடைசிச் சுற்றுகளுக்கு வலிமையைச் சேமிப்பார்கள்.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் லட்சுமணன் 2017இல் புவனேசுவரத்தில் ஆசியத் தங்கம் பெற்றதும் 30 நிமிடத்திற்குச் சற்றுக் குறைந்த நேரத்தில்தான். மறு ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 29:44இல் மூன்றாவதாக வந்தார். ஆனால் ஒரு கால் பாதையின் உட்கோட்டைத் தாண்டிப் பதிந்தது என்று வெண்கலம் பறிபோயிற்று. இருபத்தைந்து சுற்றில் ஓர் அடி! மருமகன் இதை முன்பே அறிந்திருந்தான். ஆயினும் மறுபடி சொல்லச் சொன்னான்.

“உன் கல்லூரியில் நீ வேகமானவன், லட்சுமணன் ஓடிய களத்தில் இன்னும் இல்லை” என்றேன். அவன் சற்று நேரம் காகிதத்தில் கிறுக்கினான். “30 நிமிடத்துக்கு வர நூறு மீட்டருக்கு 2.4 விநாடி குறைய வேண்டும், மாமா” என்றான், ஏதோ சில்லறைக் கடன் போல.

அன்றிரவு தமக்கைக்குத் தொலைபேசியில் சொன்னேன். கல்லூரிக்குப் போகிறான். விடியற்காலை ஐந்து மணிக்கு அல்சூர் ஏரிப் பக்கம் ஓடவும் போகிறான். வீட்டில் பாலும் முட்டையும்தான் முன்னைவிடக் கூடுதலாகச் செலவாகின்றன.