நார்மல் ரிப்போர்ட்ல ஒளிஞ்சிருந்த 2.5

போன மாசம் அப்பாவோட பழைய ஃபைலைப் புரட்டிட்டு இருந்தேன். அவருக்கு வயசு 60. சுகர் இருக்கு, குடிப்பழக்கம் கிடையாது. ஸ்கேன்ல 'ஃபேட்டி லிவர்'னு போட்டிருந்தாங்க. ஆனா ரத்தப் பரிசோதனையில ஏஎஸ்டி 39, ஏஎல்டி 36, பிளேட்லெட் 1.56 லட்சம். எல்லாமே நார்மல். அதனால யாரும் கண்டுக்கல. நானும்தான்.

இதே மூணு எண்ணையும் வயசையும் வச்சு ஃபிப்-4னு ஒரு கணக்கு இருக்கு. முதல்ல வயசை ஏஎஸ்டியால பெருக்குங்க: 2340. அப்புறம் ஏஎல்டியோட வர்க்கமூலம் 6. அதை பிளேட்லெட்டால, ஆயிரத்துல சொன்னா 156, பெருக்குங்க: 936. முதல் எண்ணை ரெண்டாவதால வகுத்தா 2.5.

1.3-க்குக் கீழன்னா கல்லீரல்ல முற்றின தழும்பு இருக்க வாய்ப்பு கம்மி. 2.67-ஐத் தாண்டினா கல்லீரல் டாக்டர். நடுவுல மாட்டினா ஃபைப்ரோஸ்கேன். கவனிங்க, இது கொழுப்பை அளக்கல, தழும்பைத்தான் கணிக்குது. தழும்பு கூடக் கூட பிளேட்லெட் இறங்கும். ஏஎல்டி மட்டும் நார்மலாவே இருக்கலாம். நாங்க ஏமாந்தது அங்கதான்.

உங்க ரிப்போர்ட்டைத் தேடி ஓடாதீங்க. 35 வயசுக்குக் கீழ இந்தக் கணக்கு சரியா வராது. 65 தாண்டினவங்களுக்கு 1.3-க்குப் பதிலா 2. அப்பா அம்மா ஃபைலை எடுங்க.

அப்பாவுக்கு ஃபைப்ரோஸ்கேன்ல தழும்பு இருக்குன்னு தெரிஞ்சுது. சிரோசிஸ் அளவுக்குப் போகல. வெளிய வரும்போது அவர் கேட்டது ஒண்ணுதான்: "எல்லாம் நார்மல்னுதானடா போட்டிருந்தாங்க?"