கிணற்றுக்குக் கணக்குச் சொல்வார் யார்?

(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணாம்புக் கற்பாறையுள் தேங்கும் மழைநீரே நம் கிணற்று நீர். நம் வெங்காயமும் புகையிலையும் அந்நீரிலேயே விளைகின்றன. மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகள் வழியே நஞ்சும் இறங்கும்.

சுன்னாகத்தை நாம் மறத்தலாகாது. மின்நிலையக் கழிவெண்ணெய் கலந்து அங்கே கிணறுகள் கெட்டன. 2015ஆம் ஆண்டு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தவர் யார்? நாம் வாக்களித்து அமைத்த மாகாண சபையா? அன்று, தென்னிலங்கைச் சுற்றாடல் ஆர்வலர் ஒருவர்! 2019 ஏப்ரலில், மின் உற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பாயிற்று.

கம்பனியை நீதிமன்றம் கேட்டது. சபையில் இருந்தோரைக் கேட்க வேண்டியவர் யாவர்? நாமே! 2013இல் தெரிவான வட மாகாண சபையின் ஆயுள் 2018இல் முடிந்தது. அதில் அமர்ந்திருந்தோரின் பொறுப்பு முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையிலிருக்கிறது. கூட்டக் குறிப்புகளையும், வழங்கிய அனுமதிகளையும், நீர்ப் பரிசோதனை அறிக்கைகளையும் எழுத்திற் கேட்போம். எழுந்து பேசியவர் எவர், வாய் மூடியிருந்தவர் எவர் என ஊர்தோறும் ஏடு எழுதுவோம். வாக்குக் கேட்டு வருவோர்முன் அவ்வேட்டை விரிப்போம்.

அவர் நம் இனத்தவர், நம் கட்சியினர் என்பது விடையாகாது. கொழும்பிடம் உரிமை கேட்கும் நாம், நம்மவரிடம் கணக்குக் கேட்கத் தயங்கலாமா?